கொழும்புக்கு இரண்டு நாள்

சென்ற வாரம் கண்டி நகரத்துக்குள்ளேயே சுற்றினோம். இந்த வாரம் பன்வில, மடுல்கல பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்று கொழும்பு பார்க்கப் போவதானால் எப்படித் திட்டம் போடலாம் என்று எழுதுகிறேன்.

கொழும்பு நமக்குப் புது ஊர் இல்லை. எந்த லயத்தில் கேட்டாலும் புறக்கோட்டைக் கடையில் நிற்கிற ஒரு மகனோ, கொழும்பு வீடொன்றில் வேலைக்கு இருந்த ஒரு அக்காவோ இருப்பார்கள். வருஷக்கணக்கில் அங்கே கிடந்தும், கடைக்கும் படுக்கிற அறைக்கும் நடுவிலுள்ள தெருவைத் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அந்த நகரத்தை ஒரு தடவையாவது விருந்தாளிகளாக நடந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

சனி, ஞாயிறுதான் தோதான நாள். சனிக்கிழமைப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், மட்டும்தான் போகும். வேன் பிடித்து நடுச்சாமத்தில் கிளம்பி, ஒரே நாளில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் என்று ஓடிக் களைத்துத் திரும்பும் பயணத்தை நான் சொல்லமாட்டேன். கோபுரம் 350 மீட்டர் உயரம்தான். ஆனால் நக்கிள்ஸ் அடிவாரத்தில் வாழ்கிற நமக்கு உயரத்திலிருந்து பார்ப்பது புதிதா? அதை விட்டுவிடலாம்.

கண்டி வரை பஸ், அங்கிருந்து ரயில். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கடுகண்ணாவையிலிருந்து றம்புக்கனைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் இறங்கும்போது பள்ளத்தாக்கு முழுவதும் அந்தப் பக்கம்தான் விரியும். மலைநாட்டுக் காப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை இது. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டதும் அதே வருஷம். பிள்ளைகளுக்கு இதை ரயிலில் வைத்துச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பகலில் புறக்கோட்டையை முடித்துவிடுங்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டிக்கிடக்கும். அங்கிருந்து கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் கிட்டத்தான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய கோயில். பொழுது சாய்வதற்குள் காலிமுகத்திடலுக்குப் போய்விடவேண்டும். வடக்கே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். அம்மா கொய்த கொழுந்து தூளாகி, கொழும்பில் ஏலம் போய், கப்பலேறுவது அங்கிருந்துதான். 1883இலிருந்து நடக்கிறது அந்த ஏலம். இரவு தங்கக் கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ சொந்தக்காரர் வீடு இல்லாமலா போகும்? அறை எடுப்பதானால் அடையாள அட்டையை மறக்கவேண்டாம்.

ஞாயிறு காலை முழுவதையும் தேசிய நூதனசாலைக்கு ஒதுக்குங்கள். கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் நகரமண்டபத்தடியில் இறங்கி நடக்கலாம். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். உள்நாட்டவருக்கு நுழைவுச்சீட்டு விலை சொற்பம். கண்டியிலிருந்து போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது கண்டி அரசரின் சிங்காசனத்தை. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர். 1815 பெப்ரவரியில் அவர் பிடிபட்டது நம்முடைய தும்பறைப் பக்கம், மெதமஹநுவரவுக்குக் கிட்டத்தான். கொழும்பில் சிறைவைத்து, 1816இல் வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். சிங்காசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் திரும்பி வந்தது. அரசர் திரும்பவில்லை.

காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டையும் தேடிப் பார்த்துவிடுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். அதிலுள்ள ஆண்டு 1409. சீனம், பாரசீகத்தோடு மூன்றாவதாகத் தமிழ். தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைக் கோயிலின் தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. அறுநூறு வருஷத்துக்கு முன்பே, இந்தத் தீவில் பேசவேண்டுமென்றால் தமிழிலும் பேசவேண்டும் என்று சீனப் பேரரசுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளையை அந்தக் கல்லின் முன் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். எழுத்தைக் கூட்டிப் பார்க்கட்டும்.

திரும்பும் நேரத்தைக் கண்டியிலிருந்து பன்விலவுக்கு வரும் கடைசி பஸ்ஸை வைத்துக் கணக்குப் போடுங்கள். மழைக்காலமென்றால் ரயில் ஓடுகிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். அடுத்த வாரம், கண்டியிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம்.

(தொடரும்)