உள்ளிழுப்பு இடைத்தட்டு

உள்ளிழுப்பு இடைத்தட்டு என்பது இருவீச்சுப் பொறியில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே செருகப்படும், நடுவில் துளையுள்ள தடித்த தட்டு ஆகும். பட்டறைகளில் இது ஸ்பேசர் என்றே அழைக்கப்படுகிறது. அலுமினியத்தாலோ, பேக்கலைட் போன்ற வெப்பம் எளிதில் கடத்தாத பொருளாலோ இது செய்யப்படும். இதன் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். இத்தட்டைப் பொருத்தினால் பொறியின் திறன் கூடும் என்ற நம்பிக்கை, குவாட் எனப்படும் நாற்சக்கரக் கரட்டுத்தரை ஊர்திகளை ஓட்டுவோரிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. இந்நம்பிக்கை ஓரளவே உண்மையாகும். இடைத்தட்டு புதிதாகத் திறனை உண்டாக்குவதில்லை. திறன் உச்சம் பெறும் சுழற்சி வேகத்தைச் சிறிது இடம் மாற்றுகிறது.

தமிழ்நாட்டில் அறியப்பட்ட பொறிகள்

இருவீச்சுக் குவாட்களில் பெயர் பெற்றவை யமஹா நிறுவனத்தின் பான்ஷீயும் பிளாஸ்டரும் ஆகும். தமிழ்நாட்டில் இவை சாலை ஊர்திகளாகப் பரவவில்லை. எனினும் இவற்றின் உறவுப் பொறிகள் நமக்குப் புதியவை அல்ல. பான்ஷீயின் இரட்டைச் சிலிண்டர் பொறியும், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்த ராஜ்தூத் 350 பொறியும் ஒரே அளவுடையவை: சிலிண்டர் விட்டம் 64 மி.மீ., வீச்சு 54 மி.மீ., கொள்ளளவு 347 கன செ.மீ. முன்னது நீரால் குளிர்வது, பின்னது காற்றால் குளிர்வது. 1985 முதல் 1996 வரை விற்பனையான ஆர்எக்ஸ் 100 வண்டியும் இவற்றைப் போலவே ரீட் வால்வு கொண்டது. எனவே வேடசந்தூரிலோ திண்டுக்கல்லிலோ பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் ஒருவர் இடைத்தட்டு பற்றிக் கேட்கும் கேள்வியும், குவாட் ஓட்டுபவர் கேட்கும் கேள்வியும் இயற்பியல் நோக்கில் ஒன்றே.

செயல்படும் விதம்

இருவீச்சுப் பொறியில் காற்று-பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது அறையில் அழுத்தம் குறைகிறது. ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் திறந்து கலவையை உள்ளே விடுகின்றன. பிஸ்டன் கீழிறங்கும்போது இதழ்கள் மூடிக்கொள்கின்றன; கலவை அமுங்கி, பக்கத் துளைகளின் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது.

குழாயில் நகரும் கலவைக்கு நிறை உண்டு. கிராங்க் அறையில் உள்ள வாயு ஒரு சுருள்வில்லைப் போல் நடந்துகொள்கிறது. நிறையும் வில்லும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கும். வெற்றுப் புட்டியின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இதே தத்துவத்தைச் சேர்ந்ததுதான். இதனை ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு என்பர். பொறியின் உறிஞ்சும் வேகமும் இவ்வதிர்வெண்ணும் இசைந்திருக்கும் பகுதியில் அறை நன்கு நிரம்புகிறது. குழாய் நீண்டாலோ, அறையின் கொள்ளளவு கூடினாலோ அதிர்வெண் குறையும். ஆகவே இடைத்தட்டு செருகிய பொறி, உச்சத்தைச் சற்றுக் குறைந்த வேகத்தில் அடைகிறது. "கீழே இழுவை கூடியது போல் இருக்கிறது" என்று ஓட்டுநர் சொல்வதற்கு அடிப்படை இதுவே. அதற்கான விலை மேல் வேகத்தில் கொடுக்கப்படுகிறது.

ஒரு கணக்கு

இம்மாற்றம் எவ்வளவு என்பதே உண்மையான கேள்வி. விளம்பரங்களில் இதற்கு விடை கிடைப்பது அரிது. ஆனால் தாளில் கணக்கிட்டுப் பார்க்க இயலும். ஆர்எக்ஸ் 100 அளவிலான ஒரு பொறியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 98 கன செ.மீ.; கிராங்க் அறையின் அமுக்க விகிதம் 1.4 எனக் கொண்டால், பிஸ்டன் கீழே இருக்கும்போது அறையின் கொள்ளளவு 245 கன செ.மீ., மேலே இருக்கும்போது 343, சராசரி 294. உள்ளிழுப்புக் குழாயின் விட்டம் 20 மி.மீ., நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 146 ஹெர்ட்ஸ் வருகிறது. இவ்வண்டி உச்சத் திறனான 11 குதிரைத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில், அதாவது வினாடிக்கு 125 சுழற்சியில். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதைக் கவனிக்கலாம்.

இப்போது 10 மி.மீ. தடிமனுள்ள இடைத்தட்டைச் செருகிக் குழாயை 16 செ.மீ. ஆக்கினால், அதிர்வெண் 141 ஹெர்ட்ஸ் ஆகிறது. குறைவு சுமார் 3 விழுக்காடு. 7,500 சுழற்சியில் இது ஏறத்தாழ 240 சுழற்சி மட்டுமே. குழாய் நீளாமல் அறையின் கொள்ளளவு மட்டும் 10 கன செ.மீ. கூடினால் மாற்றம் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அமுக்க விகிதம் 1.40 என்பதிலிருந்து 1.38 ஆகும். இது எளிமைப்படுத்திய கணக்கு; உண்மைப் பொறியில் இதழ்களின் விறைப்பும் சைலன்சரின் அலைகளும் குறுக்கிடும். ஆயினும் மாற்றத்தின் அளவு எவ்வளவு சிறியது என்பதை இது காட்டிவிடுகிறது.

ஒப்புநோக்க வேறோர் எண்: கோடையில் வேடசந்தூரில் காலை 24 பாகை செல்சியசும் பிற்பகல் 38 பாகையும் இருப்பதாகக் கொண்டால், காற்றின் அடர்த்தி அதற்குள் 4.5 விழுக்காடு குறைந்துவிடும். திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பிற்பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் இடைத்தட்டுடன் ஓட்டுபவர் உணரும் "முன்னேற்றம்" எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

எப்போது பயன் தரும்

இடைத்தட்டை ரீட் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வைப்பதும், ரீட் வால்வுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வைப்பதும் ஒன்றல்ல. முதல் வகையில் கிராங்க் அறை பெரிதாகிறது. இதழ்களுக்கு முன்னால் கலவை திரும்பிச் செல்ல இடமும் கிடைக்கிறது. இரண்டாம் வகையில் குழாய் மட்டுமே நீள்கிறது.

அறை பெரிதானால் அமுக்கம் குறைந்து திறன் விழும் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950களில் வளர்த்தெடுத்த விரிவறைப் புகைபோக்கி அக்கருத்தை மாற்றியது. இவ்வகைப் புகைபோக்கி தானே சிலிண்டர் வழியாகக் கிராங்க் அறையிலிருந்து கலவையை உறிஞ்சுவதால், உறிஞ்சுவதற்குக் கூடுதல் கொள்ளளவு இருப்பது நன்மையாகிறது. (காடனின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்கு நாடுகளுக்குத் தப்பி, அந்நுட்பத்தைச் சுசுக்கியிடம் சேர்த்தார். 1984இல் ஓசூரில் இருவீச்சுச் சுசுக்கி வண்டிகள் தயாராகத் தொடங்கியதற்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை உண்டு.) சிலிண்டரைப் பெரிதாக்கி, பந்தயப் புகைபோக்கி பூட்டிய பான்ஷீயில் முதல் வகை இடைத்தட்டு மேல் வேகத்தில் உதவக்கூடும். தொழிற்சாலையில் இருந்து வந்த நிலையிலேயே உள்ள பொறியில் அதற்கு வேலை இல்லை.

தயாரிப்பாளர்களே இப்பகுதியில் கை வைத்ததும் உண்டு. யமஹா 1980களில், ரீட் வால்வுக்கு முன்னால் குழாயோடு ஒரு சிறு புட்டியை இணைத்தது. இதழ்கள் மூடும்போது கலவை புட்டிக்குள் ஒதுங்கி, திறக்கும்போது திரும்ப வரும். இந்தோனேசியாவில் புகழ்பெற்ற ஆர்எக்ஸ்-கிங் வண்டியில் இதனைக் காணலாம். நோக்கம் உச்சத் திறன் அன்று. குறைந்த, நடுத்தர வேகங்களில் சீரான ஓட்டமே.

காற்றுக் கசிவு

இடைத்தட்டால் வரும் நன்மை சிறிது. தவறாகப் பொருத்தினால் வரும் கேடு பெரிது. ஒவ்வொரு தட்டும் கூடுதலாக ஓர் இணைப்பையும் ஒரு கேஸ்கெட்டையும் கொண்டுவருகிறது. தட்டின் முகம் சற்றே வளைந்திருந்தாலும், பழைய போல்ட்டுகளின் நீளம் போதாமல் மரை இரண்டு மூன்று சுற்றே பிடித்திருந்தாலும், அவ்வழியே காற்று கசியும். கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்தால் எரிதல் சூடேறும். நான்குவீச்சுப் பொறியில் எண்ணெய் தனியே இருப்பதால் ஓரளவு தாங்கும். இருவீச்சுப் பொறியிலோ எண்ணெய் உள்ளே வருவதே உறிஞ்சப்படும் கலவையோடுதான். பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓடும் பொறிகளில், பெட்ரோல் குறையும் அளவுக்கு மசகும் குறைகிறது. சூடும் வறட்சியும் சேர்ந்து பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். கரூர் நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் செல்லும்போது இது நிகழ்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுநர் கீழே விழ நேரும். உடனே கிளட்சைப் பிடிப்பது ஒன்றே அப்போது செய்யத்தக்கது.

ஆக்சிலேட்டரை விட்டபின்னும் பொறியின் இரைச்சல் இறங்க மறுப்பது கசிவின் முதல் அறிகுறி. ஓடும் பொறியின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால், ஓசை மாறும் இடமே கசியும் இடம். இதைவிட உறுதியான முறை, உள்ளிழுப்பு வாயையும் புகைபோக்கி வாயையும் அடைத்து, அளவியுடன் கூடிய கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம் ஏற்றி, சில நிமிடங்கள் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. இதற்கு மேல் ஏற்றினால் கிராங்க் சீல்கள் பழுதாகலாம்.

சோதிக்கும் முறை

பயன் உண்டா என்று அறிய விரும்புவோர் ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள், ஒரே சாலையில், தட்டு இன்றியும் தட்டுடனும் மாறி மாறிப் பலமுறை ஓட்டி நேரம் குறிக்க வேண்டும். மூன்றாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 கிலோமீட்டர் வரை செல்ல ஆகும் நேரம் இதற்கு ஏற்ற அளவு. ஒவ்வொரு முறையும் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தல் நன்று. காப்பி நிறம் சரி, வெளிறிய வெண்மை என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். சமவெளியில் ஒருமுறையும் கொடைக்கானல் மலையில் ஒருமுறையும் ஓட்டி ஒப்பிடுவது பொருளற்றது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அதே ஜெட்டில் கலவை பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். அங்கே பெட்ரோலைக் குறைத்து அமைத்த கார்புரேட்டருடன் கீழே இறங்குபவர், வத்தலக்குண்டு வருவதற்குள் ஜெட்டை மாற்றிவிட வேண்டும்.