திறந்த விவிலியம், திறந்த கதவு



உங்கள் இல்லத்தில் விவிலியம் எங்கே இருக்கிறது? பலரது வீடுகளில் அது திரு இருதய ஆண்டவரின் திருவுருவப் படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திக்கும் செபமாலைக்கும் நடுவே அழகாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் பக்கங்கள் இன்னும் புதிதாகவே இருக்கின்றன.

எமது அயலில் வாழும் பிற திருச்சபைச் சகோதரரைப் பாருங்கள். பகல் முழுவதும் கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய், லயத்துச் சிறு அறையில் பிள்ளைகளை அருகில் இருத்தி, ஓர் அதிகாரத்தை வாசித்த பின்னரே உறங்கச் செல்கிறாள். இந்த நல்ல பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்வோம். விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டுமென 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியது. 2019ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார்.

ஆயினும் வாசித்தால் மட்டும் போதுமா? வார்த்தையைக் கேட்டும் அதன்படி நடவாதவரை, கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மறந்துபோகிறவருக்கு ஒப்பிடுகிறார் புனித யாக்கோபு.

இதற்கு விளக்கம் தேடி நாம் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. கோவையிலோ கோவாவிலோ அல்ல, எமது கண்டி மாநகரிலேயே அதைக் காணலாம். கோவாவில் பிறந்த புனித யோசேவாஸ் அடிகளார், ஒல்லாந்தரின் அடக்குமுறைக் காலத்தில், 1687ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். 1692இல் கண்டியை அடைந்த அவர், போர்த்துக்கேய ஒற்றரென்ற ஐயத்தினால் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அச்சமுற்ற மக்கள் தம் உறவினரையே கைவிட்டு ஓடினர். அடிகளாரோ ஓடவில்லை. கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச் சென்று உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர்கள் எம்மதத்தினர் என்று அவர் கேட்கவில்லை. நல்ல சமாரியர் உவமையை அவர் தம் கைகளினால் வாசித்தார் எனலாம். பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பையும் அவர் பெற்றிருந்தார். 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015ஆம் ஆண்டில் திருச்சபை புனிதராக உயர்த்தியது.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது அதே அச்சத்தை நாமும் அறிந்தோம். தள்ளி நிற்குமாறு சுகாதார விதி சொன்னது, மறந்துவிடுமாறு சொல்லவில்லை. வாசற்படியில் ஓர் உணவுப் பொதியை வைத்திருக்கலாம். தொலைபேசியில் ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் தயங்கியவர்கள் எம்மிடையே உண்டு. குருவாகிய நானும் தயங்கிய வேளைகள் உண்டு. மறையுரை ஆற்றுவது எளிது. கதவைத் தட்டுவதுதான் கடினம்.

எனவே, இன்றிரவு செபமாலைக்குப் பின் பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள். வரும் ஞாயிறுக்குரிய நற்செய்தியைப் பிள்ளை ஒருவர் உரத்து வாசிக்கட்டும். சிறிது நேர மௌனத்தின் பின், "இந்த வாரம் எமக்காகக் காத்திருப்பவர் யார்?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். அது தனித்து வாழும் மூதாட்டியாக இருக்கலாம். பேச்சுவார்த்தை அற்றுப்போன சொந்தச் சகோதரராகவும் இருக்கலாம். ஒரு பெயரைச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன் அவரது வாசலுக்குச் செல்லுங்கள்.

ஆண்டவரே, உமது வார்த்தையைத் திறக்கும் எம் கைகள், அயலவரின் கதவையும் தட்டுவனவாக. ஆமென்.