அலவத்துகொடவிலிருந்து தீவுக்குப் போக: முதலில் காற்றைக் கேளுங்கள்

அலவத்துகொட கடைவீதியில் நிற்பவருக்குக் கடலின் அடையாளம் எதுவும் தென்படாது. நான்கு பக்கமும் மலை. மிளகும் கராம்பும் நிறைந்த தோட்டங்கள். கண்டிக்கும் மாத்தளைக்கும் ஓயாமல் ஓடும் பஸ்கள். ஆனால் கடைவாசலை உரசிக்கொண்டு போகும் அந்த வீதி ஏ-9. கண்டியில் தொடங்கி ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஓடி யாழ்ப்பாணத்தில் முடியும் அதே வீதிதான். அதன் முடிவிலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறினால் தீவுகள் தொடங்கிவிடும். போகும் வழியில் தம்புள்ளையில் வலப்பக்கம் பிரிந்தால் ஹபரணை, திருகோணமலை, நிலாவெளி என்று புறாமலைத் தீவுக்கு எதிரே போய் நிற்கலாம். கண்டிப் பக்கம் திரும்பிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனால் அங்கிருந்து ஏ-10 வீதி குருநாகல் வழியாகப் புத்தளத்துக்கு இறங்குகிறது. அதற்கு அப்பால் கற்பிட்டித் தீவுகள்.

இத்தனை வழி இருந்தும், மலைநாட்டுக் குடும்பங்கள் கடலுக்கு என்று கிளம்பினால் வான் பெரும்பாலும் நீர்கொழும்புக்கோ பெந்தோட்டைக்கோதான் போகிறது. தவறென்று சொல்ல முடியாது. அங்கே ஹோட்டல் இருக்கிறது, குளிக்க இடம் இருக்கிறது, சோறு கிடைக்கிறது. தீவுப் பயணத்துக்கு இவை மூன்றையும் முன்கூட்டியே யோசிக்கவேண்டும். அவற்றுக்கும் முன்னால் யோசிக்கவேண்டியது காற்று.

இலங்கையின் கடல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அமைதியாக இருப்பதில்லை. மே மாதமளவில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பி செப்டெம்பர் வரை வீசும். அந்த மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று. அப்போது கிழக்கிலும் வடக்கிலும் மழையும் அலையும். மேற்கு மெல்லத் தெளியும். நவம்பர், டிசம்பர் மாதங்கள் வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் காலமும்கூட. தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் உலுக்கிய புயல் வந்தது 1964 டிசம்பரில்.

நமது பாடசாலை விடுமுறைகள் இந்தக் கணக்கைப் பார்த்து வைக்கப்பட்டவை அல்ல. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று அவை வரும்போது ஒவ்வொன்றுக்கும் கடல் வேறு. சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் போகலாம். வெயில் கொளுத்தும், கடல் பொறுமையாக இருக்கும். ஓகஸ்ட் விடுமுறை என்றால் புறாமலை. டிசம்பரில் வடக்கையும் கிழக்கையும் மறந்துவிட்டுக் கற்பிட்டியைப் பார்க்கலாம், அதுவும் மாதக் கடைசியில். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புகால விடுமுறை ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால், அக்குறணைப் பக்கத்தார் நாட்காட்டியோடு காற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தீவுகளில் எது என்று என்னைக் கேட்டால் யாழ்ப்பாணத்து நெடுந்தீவு என்பேன். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான தீவு. ஒல்லாந்தர் தமது ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்கெல்லாம் சூட்டினார்கள்: காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லைடன், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். மற்றப் பெயர்கள் வழக்கொழிந்துபோக, டெல்ஃப்ட் மட்டும் அரச ஆவணங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன்பு வந்த போர்த்துக்கேயர் இதைப் பசுத்தீவு என்று அழைத்தார்கள்.

போவது இப்படி: யாழ்ப்பாண நகரிலிருந்து 776ஆம் இலக்க பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறது. புங்குடுதீவில் யன்னலோரம் இருந்து பாருங்கள். பூட்டிய வீடுகளும் கூரை விழுந்த கல்வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உரியவர்கள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். குறிகட்டுவானில் இரண்டு வரிசை நிற்கும். நீண்டது நயினாதீவுக்கு, நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாக விகாரைக்கும் போகிறவர்கள், கால் மணி நேரத்துப் பயணம். குட்டையான வரிசைதான் நெடுந்தீவுக்கு. ஏறத்தாழ ஒரு மணி நேரம், நடுவில் திறந்த கடல். தலைசுற்றல் உள்ளவர்கள் வயிற்றை வெறுமையாகவும் விடக்கூடாது, நிறைக்கவும் கூடாது.

படகில் ஏறியதும் ஒரு விஷயம் விளங்கிவிடும். இது தீவு மக்களின் பஸ். அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், சீமெந்து, மோட்டார் சைக்கிள், கொப்பிக் கட்டுகள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் நோயாளி என்று எல்லாம் இதில்தான். நீண்ட வார விடுமுறையில் தெற்கிலிருந்து வரும் கூட்டம் இருக்கைகளை நிரப்பிவிட்டால் ஊர்க்காரர் துறையில் நிற்கவேண்டியதுதான். சுற்றுலாப் பயணிக்கு நாளைக்கும் படகு உண்டு. கிளினிக் நாள் தவறியவருக்கு அடுத்த மாதம்தான். வார நாளில் போகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

இந்தக் கடல்வழிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊரில் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அதை அறியாமல் அதே வழியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவது அழகல்ல.

மாவிலித்துறையில் இறங்கினால் ஓட்டோவோ பிக்கப் வண்டியோ வாடகைக்குக் கிடைக்கும். விலையை ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது மதில்கள். முருகைக் கல்லைச் சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பவளப் பூச்சிகள் விட்டுப்போன நட்சத்திரத் துளைகள் தெரியும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் காற்று ஊடுருவிப் போய்விடுகிறது, மதில் சாய்வதில்லை. மலைநாட்டில் தேயிலைச் சரிவுக்குக் கல்லணை கட்டுபவர்கள் இந்த அடுக்கு வேலையைப் பார்த்தால் நின்று பேசுவார்கள்.

தீவின் குதிரைகள் புகைப்படங்களில் வருவதைவிடச் சிறியவை, மட்டக் குதிரைகள். ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நிர்வாகியாக இருந்த நோலன் என்ற ஐரிஷ் அதிகாரி குதிரை வளர்ப்பைப் பெரிய அளவில் நடத்தினார். பிறகு அவை கைவிடப்பட்டுக் காட்டில் பெருகின. கடும் வரட்சியில் தண்ணீரின்றிச் செத்து விழுவதும் உண்டு. அவற்றுக்குப் பிஸ்கட் நீட்டுவது, துரத்திப் படம் எடுப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். குதிரைகளுக்கு அடுத்தது பருத்து நிற்கும் பெருக்கு மரம், அதன் பொந்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கலாம். முருகைக் கல்லால் ஆன பழைய கோட்டையின் சிதைவு, ஒல்லாந்தரின் புறாக்கூடு, கடலோரத்து வெளிச்சக் கோபுரம் எல்லாம் அரை நாளில் பார்த்துவிடலாம். வளரும் கல்லும் உண்டு. வளர்கிறதா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன்.

அரை நாள் என்று சொன்னது படகுக்காக. பிற்பகலில் திரும்பும் படகு போய்விட்டால் இரவு தீவில்தான். கண்டியிலிருந்து இரவோடிரவாக வந்து, நல்லூர், நயினாதீவு, நெடுந்தீவு, கீரிமலை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்து மறுபடி இரவில் ஏறும் சுற்றுலாத் திட்டங்களைப் பார்க்கிறேன். அதில் பார்ப்பது வீதியைத்தான். யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவாவது தங்கி, தீவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தால் படகே தேவையில்லாத தீவுகள் போதும். வேலணையில் சாட்டிக் கடற்கரை, காரைநகரில் கசூரினா கடற்கரை, இரண்டுக்கும் வாகனத்திலேயே போகலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையையும் கரையிலிருந்தே பார்க்கலாம். ஊர்காவற்றுறையிலிருந்து படகு ஏறினால் எழுவைதீவும் அனலைதீவும். அனலைதீவில் புகையிலைத் தோட்டங்கள், பனை, கோயில்கள். தங்குமிடம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஊர் தன்பாட்டில் இருக்கிறது.

இந்தச் சிறு தீவுகள் உலகச் செய்தியிலும் வந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றாலையும் சூரியக் கலங்களும் சேர்ந்த மின்திட்டத்தை 2021இல் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அருகிலா என்று இந்தியா முகம் சுளித்தது. திட்டம் கைமாறி 2022இல் இந்தியாவுடன் ஒப்பந்தமானது. சில ஆயிரம் பேருக்கான விளக்கு எரியவேண்டிய விஷயத்தில் இரண்டு வல்லரசுகள்!

சில தீவுகளுக்கு உல்லாசத்துக்காகப் போகவே கூடாது என்பது என் கருத்து. இரணைதீவு அவற்றில் ஒன்று. 1992இல் இடம்பெயர்ந்த மக்கள், கடற்படை அங்கே இருந்ததால் கால் நூற்றாண்டு வெளியே காத்திருந்து, 2018 ஏப்ரலில் தாமே வள்ளங்களில் ஏறிப்போய் இறங்கினார்கள். 2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் புதைக்க இந்தத் தீவைத்தான் அரசாங்கம் முதலில் குறித்தது. ஊரார் எதிர்த்தார்கள், அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன. அக்குறணை, அலவத்துகொட பக்கம் அந்த மாதங்களை மறந்திருக்கமாட்டார்கள். இரணைதீவு மீண்டும் ஊராகிக்கொண்டிருக்கிறது. கமெராவோடு போக இது நேரமில்லை. கச்சதீவோ அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வாசல், குடிதண்ணீர்கூட இல்லை.

புறாமலையைப் பற்றிச் சுருக்கமாக. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும். முழங்காலளவு தண்ணீரிலேயே பவளப்பாறையும் வண்ண மீன்களும், சற்றுத் தள்ளி ஆபத்தில்லாத சிறு சுறாக்களும் தெரியும். சிக்கலும் அதுதான். நீந்தத் தெரியாதவர் கால் ஊன்றுவது உயிருள்ள பவளத்தின்மேல். தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் கூட்டம் பவளத்தை அழித்ததால் 2018இல் அதை மூடி, 2022இல்தான் மறுபடி திறந்தார்கள். ஓகஸ்ட் போயா விடுமுறையில் புறாமலை மணலில் கால் வைக்க இடமிருக்காது. நீந்தத் தெரியாதென்றால் நிலாவெளியிலேயே குளித்துவிட்டுத் திரும்புவது மேல்.

கற்பிட்டிப் பக்கம் பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் மீனவர் பருவத்துக்கு வந்து வாடியடித்துத் தங்குகிறார்கள். கருவாட்டு வாசனை பொறுக்காதவர் போகவேண்டாம். அங்குள்ள தீவுகளில் பதினான்கைச் சுற்றுலாவுக்கென அரசாங்கம் குறித்தபோது, காணி போய்விடும் என்று மீனவர்கள் போராடினார்கள். விருந்தாளி அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. டொல்ஃபின் கூட்டம் பார்க்க டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் இடம்கொடுக்கும்.

எந்தத் தீவானாலும் குடிதண்ணீரைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள். தீவுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் அளவாகத்தான் ஊறும். காலிப் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே குப்பை லொறி வராது. உயிர்காப்பு அங்கி கொடுத்தால் கையில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காத தனியார் வள்ளத்தில் ஏறாதீர்கள். இறங்கும்போதே படகோட்டியிடம் கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று கேட்டு, அதற்கு அரை மணி முன்னதாகத் துறைக்கு வந்துவிடுங்கள்.