பங்கிலாபம்: வீதத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா?

எமது ஆசிரியர் ஓய்வறையில் இப்போது பங்குச் சந்தைப் பேச்சு அதிகம். "பங்கிலாப வீதம் 16 சதவீதமாம், வாங்கலாமா சேர்?" என்று கேட்கிறார்கள். ஒரு கணக்காகச் செய்து பார்ப்போம்.

100 ரூபா பங்குக்கு 8 ரூபா பங்கிலாபம் என்றால் வீதம் 8%. பங்கின் விலை 50 ரூபாவாக வீழ்ந்தால் அதே 8 ரூபா 16% ஆகிவிடும். கம்பனி ஒரு சதமும் கூடுதலாக உழைக்கவில்லை. விலை ஏன் வீழ்ந்தது என்பதே முதற் கேள்வி.

அடுத்து ஆண்டறிக்கையைப் பாருங்கள். பங்கொன்றிற்கான உழைப்பு 10 ரூபாவாக இருந்து 8 ரூபா கொடுத்தால் நல்லது. உழைப்பு 5 ரூபாவாக இருக்க 8 ரூபா கொடுத்தால், பழைய சேமிப்பைக் கரைக்கிறார்கள், அது நீடிக்காது. ஐந்து வருடக் கணக்கையாவது ஒப்பிடுங்கள்.

அந்த 8 ரூபாவிலும் 15% வரி கழிந்து 6.80 ரூபாவே கைக்கு வரும். பங்கிலாபத்துக்காக மட்டும் வாங்கி உடனே விற்பதிலும் பயனில்லை. உரிமை நீங்கும் நாளில் விலையும் பெரும்பாலும் அந்தளவு இறங்கும்.

மது, புகையிலை, வட்டி வங்கிகளை ஒதுக்குவோருக்குத் தெரிவு இன்னும் சுருங்கும். ஆகவே பணிக்கொடைப் பணம் முழுவதையும் ஒரே கம்பனியில் போடாதீர்கள். பிள்ளையின் படிப்புக்கு அடுத்த வருடம் தேவைப்படும் பணத்தைச் சந்தைக்கே கொண்டுபோகாதீர்கள்.