நெடுநாள் நின்ற ஆயில் என்ஜினை இளக்கும் முறை

அமராவதி நகரை அடுத்த கிராமங்களில், வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு நிலங்களுக்குக் கிணறே ஆதாரம். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்திற்குப் பின் ஆயில் என்ஜின்கள் வந்தன. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோயமுத்தூர்ப் பிரதேசத்துக் கிராமங்களில் மின்சாரம் படிப்படியாகப் பரவியபின், அவற்றுள் பல கிணற்று மேட்டுக் கொட்டகையிலேயே நின்றுவிட்டன. மின்சாரம் தடைப்பட்டுப் பயிர் வாடும்போதுதான் அவற்றின் நினைவு வருகிறது. அப்பொழுது ஹாண்டில் அசைவதில்லை. நீண்ட குழாயை மாட்டி இருவர் கூடி நெம்ப, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விண்டு போகும்.

என்ஜின் நிற்கையில் ஏதேனும் ஒரு வால்வு திறந்திருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்று புகைக்குழாய் வழியே உட்புகுந்து, பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரைத் தொடுமிடத்தில் துருவை உண்டாக்குகிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதாகும். ஆகையால் இடைவெளி முழுதும் அடைபட்டு, ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடுகிறது. இதற்கு மருந்து எண்ணெயும் பொறுமையுமே.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இறுகியது என்ஜினாக இராமல் பம்பின் உள்விசிறியாக இருப்பதும் உண்டு. என்ஜினை உடைத்தபின் இது தெரிந்து பயனில்லை. அடுத்து வால்வுகளைத் தனித்தனியே அழுத்திப் பார்த்தல் வேண்டும். தண்டு இறுகிய வால்வை அப்படியே விட்டு என்ஜினைச் சுற்றினால் புஷ் ராடு வளையும்.

பின்னர் இன்ஜெக்டரைக் கழற்றி, டீசலும் மெல்லிய என்ஜின் எண்ணெயும் சமபாகம் கலந்து, பிஸ்டன் தலை மூழ்கும் அளவு அத்துவாரத்தில் ஊற்றுக. மறுநாள் மட்டம் குறைந்திருந்தால் நல்ல அறிகுறி. எண்ணெய் ரிங்குகளைக் கடந்து இறங்குகிறது. குறைந்த அளவை நிரப்பி, தினம் ஒருமுறை ப்ளைவீலைக் கையால் மாத்திரம் முன்னும் பின்னும் அசைத்து வரலாம். இம்மியளவு நகர்ந்தாலும் அன்றைக்கு அது போதும்.

பத்து நாளாகியும் இளகாவிடில் ஹெட்டைக் கழற்ற வேண்டியதே. துருப்பிடித்த நட்டுகளை முதலில் சற்று முறுக்கி, பிறகு தளர்த்தினால் ஸ்டட் முறியாமல் தப்பும். பிஸ்டனுக்கு மேலே தெரியும் சிலிண்டர்ச் சுவரின் துருவை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து நீக்குக. இதைச் செய்யாமல் பிஸ்டனை மேலே நகர்த்தினால் ரிங் அத்துருவில் சிக்கி ஒடியும். சிலிண்டர் வாயைவிடச் சற்றே சிறியதாகப் புளியங்கட்டை ஒன்றைக் கடைந்து, பிஸ்டன் தலைமேல் முழுதும் பொருந்த வைத்து, மரச்சுத்தியால் மெல்லெனப் பலமுறை தட்டுதல் நலம். எண்ணெய் இறங்குவதற்கு அதிர்ச்சியே உதவுகிறது, அடியன்று. குளிர்நீர் செல்லும் அறையில் கொதிநீரை நிரப்பினால் சிலிண்டர் முதலில் விரிந்து பிடி தளர்வதுண்டு. சூடான வார்ப்பிரும்பின்மேல் தண்ணீர் தெளிப்பது மாத்திரம் கூடவே கூடாது.

1929-இல் இங்கிலாந்தில் வெளிவந்த லிஸ்டர் மாதிரியைப் பின்பற்றி ராஜ்கோட்டில் ஏராளமான என்ஜின்கள் செய்யப்பட்டன. அவ்வகைக்கு உறுப்புகள் அகப்படக்கூடும். மற்றப் பழைய என்ஜின்களில் ஒன்று உடைந்தால் முழு என்ஜினும் பழைய இரும்பு விலைக்கே போகும்.

1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சி–பழனி மார்க்கத்தில் ஓட்டிய பஸ் முதல், இன்று கொட்டகையில் தூங்கும் அம்பாசடர் வரை மோட்டார் வண்டிகளுக்கும் இம்முறை பொருந்தும். அங்கே ஸ்பார்க் பிளக் துவாரத்தில் எண்ணெய் விட வேண்டும். அலுமினிய பிஸ்டனாயின் தட்டுவதிலும் மென்மை தேவை. காஸ்டிக் சோடா பட்டால் அவ்வுலோகம் அரிக்கப்படும்.

பியூயல் பம்பின் உள்தண்டு மிக நுண்ணிய பொருத்தமுடையது. அதை டீசலில் ஊறவைக்கலாமேயன்றி உப்புத்தாள் தொடலாகாது.

இளகிய என்ஜினை உடனே ஓட்ட முனைவது அபாயம். பிஸ்டன்மேல் தங்கிய எண்ணெய் அமுங்காது. இன்ஜெக்டரை மாட்டிச் சுற்றினால் ராடு வளையும். அது எரிந்து என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். ஆதலால் துவாரத்தைத் திறந்தே வைத்து, துணியால் மூடி, இருபது சுற்றுக் கையால் சுற்றி எண்ணெயை வெளியேற்றுக. அடித்தொட்டியின் பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றி, பேரிங்குகளுக்கு எண்ணெய் சேர்வதைக் கண்ட பின்பே இன்ஜெக்டரை மாட்டுக. புகைக்குழாயினுள் குளவிக்கூடு இருக்கிறதாவென்றும் ஒருமுறை குச்சியால் பார்த்துவிடுவது நல்லது.