கூண்டில் மலைப்பாம்பு, கொல்லையில் விரியன்

2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் சுங்கத் துறையினர் கண்டெடுத்தவை 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். வாங்க ஆள் இல்லாமலா இத்தனை தூரம் வந்திருக்கும்? செல்போன் போகிற இடமெல்லாம் பாம்பு வளர்க்கும் இந்த ஆசையும் போகிறது. தூத்துக்குடி பிரையண்ட் நகரில் ஒருவருக்கு அது வந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம்.

சாரை, மண்ணுளி, தண்ணீர்ப்பாம்பு எதையும் அவர் தொடக்கூடாது; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. திரேஸ்புரம் வலைகளில் ஏறும் கடல்பாம்பும் அப்படித்தான், கூடவே கொடிய விஷம். மிஞ்சுவது, ஆப்பிரிக்காவின் 'பால் பைத்தான்' போன்ற வெளிநாட்டு மலைப்பாம்பு. அதற்கும் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.

இதை வளர்ப்பது பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதுவதெல்லாம் கூண்டைச் சூடாக்குவது பற்றி. ஒரு மூலை 31, 32 டிகிரி, மறு மூலை 26 என்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் நமக்கு அந்தக் குளிர்ந்த மூலைதான் கிடைக்காது. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையும், மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் ஆகவே ஆகாது. கீழ்வீட்டில், தரையோடு வைப்பதே நல்லது. நாலடி நீளப் பெட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பொந்து, கனமான தண்ணீர்க் கிண்ணம், அடியில் தென்னை நார்த்தூள். தேரி மணலை அள்ளிக் கொட்ட வேண்டாம். சாப்பாடு எலி. அதை ஐஸ் பெட்டியில் விளைமீனுக்குப் பக்கத்தில் வைக்க எந்த அம்மா சம்மதிப்பாரோ! பைத்தான் முப்பது வருடம்கூட உயிரோடிருக்கும்; பையன் வேலைக்கு வெளியூர் போனால் எலி போடுவதும் அந்த அம்மாதான்.

இவ்வளவையும் சமாளித்துவிடலாம். என் பயம் வேறு. நம் ஊரில் கண்ணாடி விரியனை 'மலைப்பாம்புக் குட்டி' என்று கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. இரண்டுமே தடித்த உடம்பு, பழுப்பு நிறம், திட்டுத் திட்டான தோல். விரியனின் முதுகில் சங்கிலி கோத்ததுபோல் வரிசையாக ஓடும் வட்டங்களைப் பெரியவர்களே கவனிப்பதில்லை. பால் பைத்தான் பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும். விரியன் சுருண்டால் அது பாயத் தயாராகிறது; குக்கர்போலச் சீறும். தினமும் பைத்தானைத் தடவி வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளை, கொல்லையில் விறகு அடுக்குக்குக் கீழே ஒரு பாம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்யும்? விரியன் கடித்தால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

வளர்ப்பவர்கள், பழகினால் பாம்புப் பயம் போய்விடும் என்கிறார்கள். போகட்டும், எனக்கு அந்தப் பயம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் தேவலை.

அந்தப் பயத்தில்தான் சொல்கிறேன், பெட்டியின் மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி வேண்டும். சின்ன இடுக்கு போதும், இரவில் பைத்தான் வெளியேறிவிடும். பதிவுச்சீட்டு வைத்திருப்பவர் வனத்துறைக்குப் போன் செய்வார், தெருவுக்கும் சொல்வார். கள்ளத்தனமாக வாங்கியவர் வாய் திறக்கமாட்டார். டார்ச் அடித்துத் தனியாகத் தேடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் கம்பை எடுப்பார். அடுத்த மாதம் அதே தெருவில் நிஜமான விரியன் வந்தால், "அது அவங்க வீட்டு மலைப்பாம்பு மாதிரிதான், ஒண்ணும் செய்யாது" என்று ஒருவர் சொல்வார்.