மாடம்பாக்கம் பக்கம் சிறுத்தையா? வீடியோவை ஃபார்வர்டு பண்ணும் முன் இதைப் படிங்க!

'மாடம்பாக்கம் ஏரிக்கரையில் சிறுத்தை... யாரும் வெளியே வராதீங்க' என்று இருட்டில் எடுத்த ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் என்ன செய்வீங்க? வண்டலூர் ஜூ பக்கத்திலேயே இருப்பதால், 'அங்கிருந்து தப்பிச்சிருக்கும்' என்ற பேச்சும் சேர்ந்தே கிளம்பும். நம்பலாமா, வேண்டாமா?

ஊருக்குள் சிறுத்தை வருமா?

வரும். 2024 ஏப்ரல் 2-ம் தேதி இரவு மயிலாடுதுறை செம்மங்குளம் பகுதியில் சிறுத்தை நடமாடியது சிசிடிவியில் பதிவானது. சுற்றிலும் வயல்வெளிதான், பெரிய காடே கிடையாது. வனத்துறை கூண்டு வைத்தும், தானியங்கி கேமரா பொருத்தியும் நாள்கணக்கில் தேடியது. ஆனால் அங்கே சிறுத்தை சிக்கவில்லை. 2022 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 1,070 சிறுத்தைகள் உள்ளன.

அப்போ எல்லா வீடியோவும் உண்மையா?

இல்லை. 2023 ஜூலையில் ஜெர்மனியின் பெர்லின் அருகே 'பெண் சிங்கம்' என்று ஒரு வீடியோ பரவியது. ஹெலிகாப்டர், டிரோன் சகிதம் போலீஸ் தேடியது. கடைசியில், அது காட்டுப்பன்றியாகத்தான் இருக்கும் என்று நிபுணர்கள் சொன்னார்கள்.

ஏன் ஏமாறுகிறோம்?

இருட்டில் பக்கத்தில் அளவு காட்ட மரமோ, சுவரோ இல்லாவிட்டால், பூனைகூட பெரிதாகத் தெரியும். நம்ம ஊர் ஏரிக்கரைப் புதர்களில் காட்டுப்பூனை, மரநாய், புனுகுப்பூனை எதுவும் இருக்கலாம். 'கருஞ்சிறுத்தை' என்பதும் தனி இனம் கிடையாது. நிறமி அதிகமாக உள்ள சிறுத்தைதான்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

முதலில் கால்தடம். நாய் நடந்தால் நகம் பதியும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் பெரும்பாலும் பதியாது. அடுத்து எச்சம், இரையின் கழுத்தில் உள்ள பல் தடம், தானியங்கி கேமரா படம். வாலும் ஒரு அடையாளம்: சிறுத்தைக்கு நீளமான வால், காட்டுப்பூனைக்குக் குட்டை வால். ஜூ விலங்குகளுக்கு எண்ணிக்கைக் கணக்கு உண்டு. தப்பியதா இல்லையா என்பதை நிர்வாகத்திடமே கேட்டு உறுதி செய்யலாம்.

நீங்க என்ன செய்யணும்?

• கால்தடம் தெரிந்தால் மிதிக்காதீங்க. பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து போட்டோ எடுங்க. அளவு தெரியும்.
• நேரம், இடத்தோடு வனத்துறைக்கோ, 112-க்கோ சொல்லுங்க.
• நேரில் பார்த்துவிட்டால் ஓடாதீங்க. முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்க.
• கூட்டமாகத் துரத்தவோ, கல் எறியவோ வேண்டாம். வழி அடைபட்ட சிறுத்தை மனிதர் மேல் பாயலாம்.
• இரவில் குழந்தைகளைத் தனியே வெளியே விடாதீங்க. ஆடு, கன்றுகளைக் கொட்டகையில் கட்டுங்க.

பொய் வீடியோ பத்து முறை பரவினால், உண்மையிலேயே சிறுத்தை வரும் நாளில் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க!